நிற்பவர் பை, உட்கார்ந்தவர் மடி

எனக்கு அது முதன்முதலில் உறைத்தது காவிரிப் பாலத்தின் நடுவில், நகர மறுத்துவிட்ட ஒன்றாம் நம்பர் பஸ்ஸில். சனிக்கிழமை மத்தியானம், நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா ஒரு கையால் மேல்கம்பியையும் மறுகையால் தயிர்த் தூக்கையும் பிடித்துக்கொண்டு, டிரைவர் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அரைச் சுற்று சுற்றி வந்தார். என் தோழி அந்தத் தூக்கை அவர் கையிலிருந்து சட்டென்று வாங்கினாள். ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மடியில் வைத்தாள்.

“அண்ணே, கொஞ்சம் வச்சுக்கங்க. அவங்க நிக்கிறாங்க, நீங்க உக்காந்திருக்கீங்க.”

அவர் நிமிர்வதற்குள் தூக்கு மடியில் இருந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நேராக நின்றார். இவள் என் பக்கம் திரும்பி, டீ சாப்பிடலாமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: “பாத்தியாடி? பகுதித் தொகையிடல்.”

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் முட்டிக்கொண்டிருந்த சுவர் அங்கே, பஸ்ஸுக்குள், சும்மா திறந்துகொண்டது.

நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். ஒரே அறை, எதிரெதிர் மேஜை. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் பாய்மங்கள்தான் எங்கள் பாடம். நட்சத்திரங்கள் மோதிக்கொள்ளும்போது உள்ளே கொதிக்கும் குழம்பு அப்படித்தான் ஓடுகிறது. அதற்கான சமன்பாடுகள் ஒவ்வொரு புள்ளியிலும் போய் நின்று, ‘நீ எவ்வளவு சரிவாக மாறுகிறாய்?’ என்று கேட்கும். வகைக்கெழு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். சிக்கல் என்னவென்றால், இந்தப் பாய்மத்தில் அதிர்ச்சி அலை எழுந்ததும், ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அடர்த்தி, அந்தப் பக்கம் வேறு அடர்த்தி என்று துணி கிழிந்த மாதிரி ஆகிவிடும். கிழிந்த இடத்தில் போய்ச் சரிவு கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? சமன்பாடே அங்கே செத்துப்போகும்.

ஆகவே ஒரு தந்திரம். சமன்பாட்டை வழவழப்பான, எதையும் தாங்கும் ஒரு சார்பால் பெருக்கிக் கூட்டிவிடுவது. கூட்டும்போது, அந்த வகைக்கெழு என்கிற சுமையைக் கிழிந்ததன் தலையிலிருந்து எடுத்து, வழவழப்பானதன் தலைக்கு மாற்றிவிடலாம்; அதுதான் பகுதித் தொகையிடல். எந்த வழவழப்பான சார்பைக் கொண்டுவந்து கேட்டாலும் கணக்கு நேராகிறது என்றால், கிழிந்ததையும் ஒரு தீர்வு என்றே ஒப்புக்கொள்ளலாம். இதற்குப் பெயர் வீக் சொல்யூஷன். எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நானும் ஒரு வரியாகத்தான் படித்திருந்தேன். அந்த வரியில் நிற்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர் என்று இரண்டு பேர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்கு மட்டும் அது எப்போதுமே தெரிந்திருந்தது. எங்கே போனாலும் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் அவள் கண் தேடும். பாலக்கரைக்காரி. அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே எலக்ட்ரிக் சாமான் கடை. நல்ல உயரம், உரத்த குரல், எதற்கும் தாமதமாக வருவாள். தாமதம் ஏன் என்று கேட்டால் வழியில் யாருடைய சுமையையோ யார் தலையிலோ ஏற்றிவிட்டு வந்த கதை ஒன்று இருக்கும். எல்லாருக்கும் அது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒருவர் சீறினார்.

“ஏம்மா, நான் என்ன லக்கேஜ் வைக்கிற பலகையா?”

“இல்லண்ணே. பலகைன்னா கேக்காமலே வச்சிருப்பேன்.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் பையை வாங்கிக்கொண்டார்.

ஒரு தடவை பெரிய வினையானது. நின்றுகொண்டிருந்த ஒரு நர்ஸின் டிபன் கேரியரை வாங்கி, படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் மடியில் வைத்தாள். அந்த மனுஷர் ஏதோ நினைப்பில் மாம்பழச் சாலையில் கேரியரோடு இறங்கிப் போய்விட்டார். பஸ் கிளம்பிவிட்டது. நர்ஸ் கத்த, இவள் கத்த, கண்டக்டர் விசில் ஊத, மூன்று பேரும் இறங்கி ஓடி அவரைப் பிடித்தார்கள். அவர் கையில் கேரியரைப் பார்த்து அவரே திகைத்துப்போய் நின்றாராம்.

“இது யாருதும்மா? நான் ஆபீசுக்குக் கேரியரே எடுத்துட்டுப் போறதில்லையே!”

திரும்பி வந்ததும் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, இந்த பஸ்ஸுக்கு நீ கண்டக்டரா, நான் கண்டக்டரா?”

அவள் மூச்சிரைக்க என்னிடம் சொன்னது இதுதான்: “தப்பு என்னுதுடி. சோதனைச் சார்பு எல்லையில பூஜ்யமா இருக்கணும்னு புக்குல போட்டிருக்கான்ல? விளிம்புல உக்காந்திருக்கறவர்கிட்டக் கொடுத்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். வகைக்கெழுவை மாற்றிவைக்கும்போது, வாங்கிக்கொள்கிற அந்த வழவழப்பான சார்பு, அதாவது சோதனைச் சார்பு, விளிம்புக்கு வருவதற்குள் பூஜ்யமாகிவிட வேண்டும். இல்லையென்றால் விளிம்பில் ஒரு மிச்சம் தொங்கும், கணக்கு நேராகாது. அன்றிலிருந்து அவள் ஒரு கேள்வி கேட்காமல் யார் மடியிலும் எதையும் வைத்ததில்லை: “நீங்க எங்க இறங்குறீங்க?” கடைசி ஸ்டாப் என்பவர்களைப் பார்த்தால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்கள் அபார்ட்மெண்டில் ஏசி இருப்பதுதான் காரணம் என்று அவளே சொல்லுவாள். என் அம்மாவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். ஆனால் எங்கள் ஆராய்ச்சி மேல் கிடையாது.

“ஏண்டிம்மா, வீக் சொல்யூஷனுக்குப் போயா ரெண்டு பேரும் இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கறேள்? ஸ்ட்ராங்கா ஒண்ணு பண்ணப்படாதோ?”

“மாமி, ஸ்ட்ராங்கா இருக்கறதெல்லாம் கொஞ்ச நேரத்துல உடைஞ்சிடுது. உடைஞ்சப்புறமும் நிக்கிறது வீக்குதான்.”

அம்மா, இடுப்புப் பிடிப்போடு சோபாவில் சாய்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். “அப்போ எங்காத்து மாமா மாதிரின்னு சொல்லு.”

அம்மாவின் இன்னொரு கேள்வி என் கல்யாணம். அதை என்னிடம் தொடங்கினால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன், வீடே இரண்டு நாள் முறுக்கிக்கொள்ளும். இவள்தான் நடுவில் புகுந்தாள். “மாமி, அதை இப்ப அவ மேல வைக்காதீங்க, தாங்க மாட்டா. என் மேல வைங்க.” சொன்னதோடு நிற்கவில்லை. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, வந்த ஜாதகம் ஒவ்வொன்றையும் பற்றி அம்மா சொல்வதை உம் கொட்டிக் கேட்டாள். “அமெரிக்கா பையன் வேணாம் மாமி, குரல் சரியில்லை” என்று தீர்ப்பும் சொன்னாள். போனில் எப்போது குரல் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே நிம்மதியாகக் கணக்குப் போட்டேன்.

எனக்கு நிம்மதி தேவைப்பட்ட காலம் அது. ஆய்வுக் குழு கூடப்போகிறது. ஒரு திசையில் மட்டும் ஓடுகிற பாய்மத்துக்கு, ஒரு வகை அழுத்த விதிக்கு, வீக் சொல்யூஷன் இருக்கிறது என்று நான் நிரூபிக்க வேண்டும். என்ன தீர்வு என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை, இருக்கிறது என்று காட்டினால் போதும். போதுமாம்! கம்ப்யூட்டர் அழகழகாகப் படம் வரைந்து தள்ளுகிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் உண்மையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால்தான் எல்லாரும் தலையைச் சொறிகிறார்கள். என் மெயிலில் பெங்களூர் கம்பெனி ஒன்றின் வேலை அழைப்பு வேறு பதிலுக்குக் காத்திருந்தது. நிரூபணம் நிற்காவிட்டால் ஆராய்ச்சியை விட்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் எதிலும் அதிக நாள் உட்காராத ஆள். அவளுக்கு அது தெரியும்.

ஒரு வியாழக்கிழமை நிரூபணம் முடிந்தது. நான் வழிகாட்டிக்கு மெயில் போட்டேன், வீட்டில் சொன்னேன், அவளுக்கும் அனுப்பினேன். வெள்ளி முழுக்க அவள் அந்தப் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பஸ் ஏறினோம். பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். டிரைவர் விட்டு விட்டுப் பிரேக் போட, நின்றவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள், பின்னால் சாய்ந்தார்கள்.

“இப்ப இவங்க எல்லாம் சராசரியா எவ்வளவு சாஞ்சாங்கடி?” என்றாள்.

“பூஜ்யம். முன்னாடி எவ்வளவோ பின்னாடியும் அவ்வளவு.”

“பூஜ்யத்தோட வர்க்கம்?”

“பூஜ்யம். என்ன இது, எல்.கே.ஜி.யா?”

“அப்ப என் கால் ஏன் நசுங்குச்சு?”

கீழே பார்த்தேன். முன்னால் நின்றவரின் செருப்புக் குதி அவள் பெருவிரல் மேல் இருந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் நிரூபணத்தின் நடுப்பக்கம் கண்முன் வந்து நின்றது.

நான் செய்தது இதுதான். சமன்பாட்டில் செயற்கையாகக் கொஞ்சம் பிசுபிசுப்பைச் சேர்த்தால் கிழிசல் வராது, தீர்வு கிடைக்கும். பிறகு பிசுபிசுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். குறையக் குறையத் தீர்வுகள் பொடி அலைகளாகத் துடிக்கலாம். நான் அந்தத் துடிப்பைச் சராசரியாக்கி, சராசரியின் வர்க்கமும் வர்க்கத்தின் சராசரியும் ஒன்றுதான் என்பது போல ஒரே வரியில் தாண்டியிருந்தேன். முன்னும் பின்னும் சாய்கிற கூட்டத்துக்குச் சராசரி பூஜ்யம். கால் நசுங்குவது பூஜ்யமில்லை. அந்த ஒரு வரி போனால் அதற்குப் பின்னால் வந்த எல்லாமும் போயிற்று.

அந்த வரியை அவள் விரலால் தொட்டுக் காட்டவேயில்லை என்பதைப் பிறகுதான் யோசித்தேன். அவள் என் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணிடம், “எங்க இறங்குறீங்க? ஸ்ரீரங்கமா? நல்லது, இதை வச்சுக்கங்க” என்று கொடுத்தாள்.

“நான் விட்டுடறேன்டி,” என்றேன். “பெங்களூருக்கே பதில் போட்டுடறேன்.”

“போடு. ஆனா பஸ் நின்னப்புறம் இறங்கு.”

அன்று பஸ் வெகு நேரம் நிற்கவில்லை. அதாவது, ஒரேயடியாக நிற்கவும் இல்லை, ஒரேயடியாக ஓடவும் இல்லை. ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து வேகமாக வந்த பைக்குகள் முன்னால் ஊர்ந்த ஆட்டோக்களை எட்டிப்பிடித்து, முட்டாத குறையாக நின்று, அதே வேகத்தில் ஊர்ந்தன. சின்னச் சின்ன வேக வித்தியாசங்கள் எல்லாம் நெரிசலின் வாலில் போய்க் கரைந்தன. திருவானைக்கோவில் தாண்டும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொடி அலைகளும் இப்படித்தானே? வேகமானது மெதுவானதை எட்டிப்பிடித்து அதிர்ச்சி அலையாகும், அதிர்ச்சி அலை துடிப்பை விழுங்கிவிடும். துடிப்பே மிஞ்சாவிட்டால் என் ஒற்றை வரி சரியாகிவிடும். அது மிஞ்சாது என்பதைத்தான் நான் நிரூபித்திருக்க வேண்டும்! பாய்மம் தானே செய்துகொள்கிற வேலை அது. சராசரி எடுக்கிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சொல்வது சுலபம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் உழைத்தேன். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அழுத்தத்துக்கே எடை வந்துவிடும். தோராயத் தீர்வுகளில் ஒன்றுகூட ஒளியை முந்திவிடாமல் காவல் காக்க வேண்டும். அந்த வாரங்களில் முதலாமாண்டு மாணவர்களுக்கு நான் எடுக்க வேண்டிய பயிற்சி வகுப்புகளை யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. காரிடாரில் ஒரு பையன், “மேடம், உங்களுக்கு உடம்பு சரியாயிடுச்சா?” என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

“எனக்கு என்ன உடம்பு?” என்று அவளிடம் போய் நின்றேன்.

“டைபாய்டு,” என்றாள் கூச்சமே இல்லாமல். “எனக்குப் பசங்களோட கத்தறது பிடிக்கும்டி. நீ போய் உக்காரு.”

குழு கூடிய அன்று அவள் பின்வரிசையில் இருந்தாள். பாதி வரை நன்றாகப் போனது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கையை உயர்த்தினார். “அடர்த்தி பூஜ்யமாகிற இடத்துல, வெற்றிடத்துல, உங்க பாய்மத்தோட வேகம் என்னம்மா?” எனக்கு விடை தெரியும். எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தப் பக்கத்தில் என்பது மறந்துபோய், தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து அந்த உரத்த குரல் வந்தது.

“சார், ஒரு சந்தேகம். ஆளே இல்லாத இடத்துல உங்களுக்கு வேகம் எதுக்கு சார் வேணும்?”

சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் திரும்பி, “நியாயம்தான். எனக்கு எதுக்கு வேணும்?” என்று தாமே யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசித்த அந்தச் சின்ன இடைவெளி எனக்குப் போதுமாக இருந்தது. வேகத்தைக் கேட்க வேண்டாம், அந்த இடத்தை எவ்வளவு உந்தம் கடந்து போகிறது என்று மட்டும் கேட்டால் போதும், வெற்றிடத்தில் அது பூஜ்யம், கணக்கு உடையாது என்று போர்டில் எழுதிக் காட்டினேன். நிரூபணம் நின்றது. பெங்களூருக்கு அன்று மாலையே வரவில்லை என்று பதில் போட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தும். அத்தனை பேர் பையை அத்தனை பேர் மடிக்கு மாற்றியவள், தன் பையை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது எப்போதும் அவள் தோளிலேயே கனத்துத் தொங்கும். “கொடுடி” என்றால், “இது பழகிடுச்சு” என்பாள்.

அவளுடைய கணக்கு என்னுடையதைவிடக் கடினம். பாய்மம் ஒரே திசையில் ஓடாமல், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மையத்தை நோக்கிப் பாய்ந்தால் என்ன ஆகும்? சாயங்கால வேளையில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்க்குமே, அது மாதிரி. மையத்தில் எல்லாமே எல்லையில்லாமல் ஏறிவிடலாம். அப்படி ஏறிய பிறகும் ஒரு வீக் சொல்யூஷன் பிழைத்திருக்குமா? அவள் அதில் பாதி வழி போயிருந்தாள்.

அப்போதுதான் அவள் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. கடை, ஆஸ்பத்திரி, வீடு என்று மூன்றையும் அவளே சுமந்தாள். துறைக்கு வருவது குறைந்து, நின்றது. அத்தா கொஞ்சம் தேறிய பிறகு ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை வந்தது. போகும் முன் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றாள். பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாலம் ஏறும்போது குனிந்து கேட்டாள்.

“நீ எங்க இறங்குற?”

முதலில் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பஸ்ஸைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“கடைசி ஸ்டாப்,” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

தோளிலிருந்து பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான் இருந்தன. “என் கணக்கையும் வச்சுக்கடி. நான் இப்ப நிக்கிறேன், நீ உக்காந்திருக்க. எழுதினது எல்லாத்தையும் மெயில்ல போட்டுட்டேன். இறங்கறப்ப வாங்கிக்கறேன், இன்ஷா அல்லாஹ்.” பிறகு, என் கண்ணைப் பார்த்துவிட்டு, “ஏய், குடை நனையுது” என்றாள்.

இப்போதும் ஒன்றாம் நம்பரில்தான் போகிறேன். உட்கார இடம் கிடைத்தால் நிற்பவரைப் பார்த்துக் கையை நீட்டிவிடுகிறேன். எங்கே இறங்குறீங்க என்று அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, “நான் ஸ்ரீரங்கம்” என்று சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் மடியில் ஒரு குழந்தையே வந்தது. அது தூங்கியதும், அசையாமல் உட்கார்ந்து அவள் கணக்கை யோசித்தேன்.

அடுத்து செய்யப்போவது இது. மையத்தைச் சுற்றி ஒரு குட்டிப் பந்தை வெட்டி எடுத்துவிட்டு, அதன் மேல் ஒரு சுவர் வைக்கப்போகிறேன். சுவருக்கு வெளியே தீர்வு இருக்கிறது. அதுவரை என் பழைய நிரூபணம் தாங்கும் என்றே நினைக்கிறேன். பிறகு பந்தைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். சுருங்கச் சுருங்கச் சுவரில் விழும் மோதல் எகிறாமல் இருக்க ஒரு வரம்பு வேண்டும். அது இன்னும் கையில் இல்லை. மையத்தில் என்ன ஆகிறது என்று மையத்தைக் கேட்காமல், சுற்றியிருக்கும் கோளங்களின் பரப்போடு பெருக்கிக் கேட்டால் கிடைக்கலாம் என்று அவள் கடைசியாக எழுதியிருக்கிறாள். முதலில் எளிய வகை: அழுத்தம் அடர்த்திக்கு நேர்விகிதமாக இருப்பது. திங்கட்கிழமை தொடங்குகிறேன். ஷார்ஜாவுக்கு நேற்றே மெசேஜ் போட்டாயிற்று. பதில் ஒரே வரி: “மடியில பத்திரமா இருக்கா?”

இருக்கிறது. அவள் கை நீட்டும் நாளில் அதை அப்படியே திருப்பிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கொஞ்சமாவது எடை குறைத்துக் கொடுக்க வேண்டும்.